குடிக்க ஒரு தண்ணீர், கொட்ட ஒரு தண்ணீர்

கத்திரி மே 4 வாக்கில் பிறக்கும் என்று காலண்டர் சொல்லும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துத் தெருநாய்களுக்கு அது மார்ச் கடைசியிலேயே பிறந்துவிடும். பகல் பதினோரு மணிக்கு மேம்பாலத்தின் அடியிலும், நிற்கிற லாரிக்குக் கீழேயும், ஷட்டர் இறக்கிய கடைப்படியிலும் பாருங்கள். ஊரில் உள்ள நிழலையெல்லாம் அவை பங்கு போட்டிருக்கும். நிழல் தேட நாய்க்கும் பூனைக்கும் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பாலாற்றங்கரையில் அவற்றால் தேடிக்கொள்ள முடியாதது நல்ல தண்ணீர்.

*

இவை தோல் பதனிடும் ஊர்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போடுகிறார்கள். தோலின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பு. பதனிடும் தோல் ஷாப்பில் ஊறப்போடும் முதல் தொட்டியிலேயே அது தண்ணீரில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம். எத்தனையோ வருடங்களாக நிலத்துக்குள் இறங்கியது எவ்வளவு என்பதை இங்கே உள்ள கிணற்றில் ஒரு கை அள்ளி வாயில் வைத்தாலே தெரிந்துகொள்ளலாம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது நாட்டின் சட்டத்தில் அடக்கம் என்று அதில் சொன்னது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக இன்னொரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

நாய் பூனைக் குறிப்பில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. மே மாதத்தில் ஆறு மணலாகக் கிடக்கும். ஏரி வெடித்துக் கிடக்கும். திறந்த வெளியில் ஈரமாக இருப்பது கழிவுநீர்க் கால்வாய் ஒன்றுதான். வெயில் தாங்காத நாய் அதில் இறங்கி வயிறு நனையப் படுக்கும். எழுந்து வரும்போது கால் நான்கும் சாம்பல் நிறத்தில் இருக்கும். அப்புறம் அந்தக் காலைத்தான் நக்கும். நமக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது, கேன் தண்ணீர் வந்துவிட்டது. தெருவில் இருப்பவை மட்டும் ஊர்த் தண்ணீரிலேயே நிற்கின்றன.

*

ஆகவே முதல் விதி: கிண்ணத்தில் ஊற்றுவது நம் வீட்டுக் குழந்தையின் டம்ளரில் ஊற்றுகிற தண்ணீராக இருக்கட்டும்.

“தெருநாய்க்குத்தானே” என்று போர் தண்ணீரை ஊற்றி வைக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நல்ல மனசுக்காரர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிண்ணத்தின் விளிம்பைப் பாருங்கள், வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நாய் வரும், மோந்து பார்க்கும், இரண்டு நக்கு நக்கிவிட்டுப் போய்விடும். “தாகம் இல்லை போல” என்று நாமும் உள்ளே வந்துவிடுவோம். பக்கத்திலேயே இன்னொரு கிண்ணத்தில் குடிதண்ணீர் வைத்துப் பாருங்கள். அதே நாய் தலையைத் தூக்காமல் குடிக்கும்.

ஒரு குடம் காவிரித் தண்ணீருக்குத் தெருவில் என்ன பாடு என்பது தெரிந்துதான் சொல்கிறேன். ஒரு நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை ஒன்றிரண்டு லிட்டர். ஐந்து வீடு முறை போட்டுக்கொண்டால் ஒரு தெருவுக்குப் போதும்.

*

உடம்பின் மேல் ஊற்ற அந்த உப்புப் போர் தண்ணீரே தாராளமாகப் போதும். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

*

பாத்திரம் பற்றி.

சிமெண்ட் தொட்டி கனமானது, நாய் தட்டிவிடாது, எவரும் எடுத்துப் போக மாட்டார்கள். வெயிலில் வைத்தால் மட்டும் தண்ணீர் கொதிக்கும். மண்சட்டி கசியும், கசிவதால் குளிரும். நிழலில் வைத்தால் நாலு மணிக்கும் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். காட்பாடிப் பக்கம் கரிகிரியில் செய்கிற மெருகிட்ட பாண்டங்கள் கண்ணுக்கு அழகு. மெருகு ஏறிய மண் கசியாது என்பதால் தண்ணீர் வைக்கச் சாதாரணச் சட்டியே மேல். சில்வர் கிண்ணம் வெயிலில் பட்டால் நாக்கு வைக்க முடியாது.

தோல் தொழில் ஊரில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஷூ கம்பெனியில் காலியாகிற சொல்யூஷன் டப்பா, ஷாப்பிலிருந்து வருகிற கெமிக்கல் டிரம், இதையெல்லாம் பாதியாக வெட்டித் தண்ணீர்த் தொட்டி ஆக்குவது இங்கே வழக்கம். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத டப்பா எதுவும் வேண்டாம். கழுவினால் போய்விடும் என்கிறார்கள். எது போகும், எது போகாது என்று நாம் சோதித்துப் பார்க்க முடியாது. நாற்பது ரூபாய்ச் சட்டிக்கு எதற்கு இந்தச் சந்தேகம்?

தினமும் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து மறுபடி நிரப்ப வேண்டும். கொசு முட்டையிட்டுப் புழுவாகி வெளியே வர ஒரு வாரம் ஆகும் என்பதால் தினம் மாற்றுகிற சட்டியில் கொசு வளராது. “உங்க சட்டியாலதான் டெங்கு வருது” என்று பக்கத்து வீட்டில் கேட்டால் இதைச் சொல்லலாம். சொல்வதோடு நிற்காமல் அவர் கண்ணில் படும்படி தேய்த்தும் கழுவலாம்.

*

நமக்கு ஃபேன் சுகமாக இருப்பது வியர்வையால். காற்று வியர்வையை உலர்த்துகிறது, உடம்பு குளிர்கிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி அதற்கு இருப்பது நாக்கும் மூச்சும்தான். வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு 300 தடவைகூட இரைக்கும். அந்த ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். அதனால் காய்ந்த நாய்க்கு ஃபேன் போடுவதில் பெரிய பலன் இல்லை. வயிற்றையும் தொடை இடுக்கையும் பாதத்தையும் நனைத்துவிட்டு அதே ஃபேனைப் போட்டால் நிலைமையே வேறு.

வேலூர் வெயில் சென்னை வெயிலைப்போல் பிசுபிசுக்காது, உலர்ந்த வெயில். 2024 கோடையில் 43 டிகிரி வரை போனது. அளவு பயமாக இருந்தாலும், உலர்ந்த காற்றில் ஈரம் சீக்கிரம் ஆவியாகும் என்பது நமக்குக் கிடைத்த ஒரு உதவி. கோணிச் சாக்கை நனைத்து ஜன்னலிலோ நாய்க்கூண்டின் ஓரத்திலோ தொங்கவிட்டால் இங்கே நன்றாக வேலை செய்யும். ஆனால் சாயங்காலம் இடி இடித்துக் கால்மணி நேரம் மழை கொட்டி, அப்புறம் வெக்கை கிளம்புமே, அந்த இரவில் சாக்கும் உதவாது, நாய் இரைப்பதும் முழுசாக உதவாது. மழை வந்துவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும் அந்த நேரத்தில்தான் பக் போன்ற சப்பை மூக்கு நாய்களை எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

*

கட்டிப்போட்ட நாய். எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது.

காலையில் ஆறு மணிக்குச் சுவரோரம் நிழலில் கட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் ஷூ கம்பெனி, வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். நிழல் நகரும், சங்கிலி நகராது. பதினோரு மணிக்கு நாய் வெயிலில். இரும்புச் சங்கிலி கழுத்தில் சுடும். சுற்றிச் சுற்றி வந்ததில் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். மேலே தகரம் போட்ட கூண்டு என்றால் அது கூண்டு இல்லை, அடுப்பு.

பகல் முழுக்க நிழல் நிற்கிற இடம் எது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும். அங்கேகூடக் கட்டாமல் விட முடிந்தால் நல்லது. குளியலறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகலாம். வீட்டிலேயே குளிர்ந்த தரை அதுதான். மொட்டை மாடியில் மட்டும் வேண்டவே வேண்டாம். சுற்றியுள்ள பாறை மலையும் காங்கிரீட்டும் பகலில் குடித்த சூட்டை ராத்திரி பத்து மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும்.

*

நடை: விடிவதற்குள், இல்லாவிட்டால் இரவு ஒன்பதுக்கு மேல். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஏழெட்டு எண்ணும்வரை எடுக்காமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் நாயின் பாதமும் வெந்துவிடும். வெயிலில் பந்து எறிந்து விளையாடுவது, வண்டிக்குப் பின்னால் ஓடவிடுவது இரண்டும் கூடாது. நாய்க்கு எஜமான் மேல் உள்ள ஆசை பெரிது, விழும்வரை ஓடும்.

*

ஒரு ஷூ கம்பெனி வாசலில் பார்த்தது. மத்தியான நேரம், சாப்பாடு முடிந்து பெண்கள் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தார்கள். கேட் பக்கம் எப்போதும் இருக்கும் செவலை நாய் நாலடி நடந்தது, பின்னங்கால் பின்னியது, அப்படியே சாய்ந்தது. நாக்கு செங்கல் நிறத்துக்கும் மேலே சிவந்து நீண்டு கிடந்தது. வாயோரம் கெட்டியான எச்சில். வாட்ச்மேன் குழாயைத் திறக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

“டேங்க் தண்ணி கொதிக்குதும்மா. இருங்க, சம்ப்புல மொண்டுட்டு வரேன்.”

“சீக்கிரம் வாங்கண்ணா. தலையில ஊத்தாதீங்க, வயித்துலயும் தொடையிலயும் ஊத்துங்க. மூக்குல போயிடப் போவுது.”

சொன்ன பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். ஷூ அட்டைப் பெட்டியின் மூடியை எடுத்து விசிற ஆரம்பித்தாள். இன்னொருத்தி தன் துப்பட்டாவை நனைத்து நாயின் மேல் போர்த்தப் போனாள். “போத்தாத அக்கா, அது சூடாயிடும், தண்ணியே ஊத்திக்கினு இரு” என்று இவள் தடுத்தாள். பக்கெட் பக்கெட்டாக ஊற்றினார்கள். எச்சில் இளகியது, கண் அசைந்தது. பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து ஏற்றினார்கள்.

அவள் செய்த ஒவ்வொன்றும் சரி. உச்சி வெயிலில் சின்டெக்ஸ் டேங்கிலிருந்து வருவது வெந்நீர், தரைக்குள் இருக்கும் சம்ப்பில்தான் குளிர்ந்த தண்ணீர் கிடைக்கும். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டால் துணி சூடேறி உள்ளே இருக்கும் சூட்டை அடைத்துவிடும். முக்கியமானது, முதலில் குளிரவைத்துவிட்டுப் பிறகு வண்டி ஏற்றியது. இங்கிலாந்தில் ராயல் வெட்டர்னரி கல்லூரியின் ஆய்வாளர்கள் இதைத்தான் சில வருடங்களாக வலியுறுத்துகிறார்கள்: முதலில் குளிர்ச்சி, அடுத்தது பயணம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் அதிர்ச்சியில் செத்துவிடும் என்று முன்பு சொல்லிவந்தது சரியில்லை என்றும் சொல்கிறார்கள். உடம்புக்குள் சூடு இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் குடல், சிறுநீரகம், மூளை வெந்துகொண்டிருக்கும்.

நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து 103-க்கு இறங்கிவிட்டது என்று தெரிந்தால் ஊற்றுவதை நிறுத்தலாம். மயங்கிக் கிடக்கிற நாயின் வாயில் மட்டும் தண்ணீர் புகட்டக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். தானாக நக்கினால் குடிக்கட்டும்.

*

அந்த நாயைப் பார்த்ததும் ரோட்டிலிருந்து ஒருவர் கத்தினார்: “வெறி நாய்! கிட்டப் போவாதீங்க!”

பயம் நியாயமானது. எச்சில் வடிகிறது, தள்ளாடுகிறது. ஆனால் கத்திரி மாதத்தில் எத்தனை நாய்கள் வெறும் வெயிலால் தள்ளாடி, வெறி என்று கல்லடி பட்டுச் செத்திருக்கும் என்று நினைத்தால் தாங்கவில்லை. வெறிநோய் வெயிலால் வருவதில்லை. அது வைரஸ், கடியால் பரவுவது. உச்சி வெயிலில் நன்றாக இருந்த நாய் சட்டென்று இரைத்து விழுந்தால் வெயிலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று நாளாகக் குணம் மாறி, எதைப் பார்த்தாலும் கடிக்க வந்து, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் இருந்தால் ஒதுங்கிப் போய்க் கால்நடைத் துறைக்கோ நகராட்சிக்கோ சொல்ல வேண்டும். எது என்று தெரியாதபோதும் ஒரு வழி இருக்கிறது. எட்ட நின்று ஒரு பக்கெட் தண்ணீரை அதன் மேல் வீசலாம். அதற்குக் கிட்டப் போக வேண்டியதில்லை, கல்லும் எடுக்க வேண்டியதில்லை. கடித்துவிட்டாலோ எச்சில் காயத்தில் பட்டாலோ சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி.

*

பூனை வாயைத் திறந்து இரைத்தால் அது அவசரம். நாய் இரைப்பது தினசரி. பூனை இரைப்பது அபாயம்.

பூனை சூட்டைக் காட்டிக்கொள்ளாது. உடம்பை நக்கி நக்கி ஈரமாக்கிக் குளிரும், இருட்டான இடத்தில் போய் நீட்டிக்கொள்ளும். அதனால் தேடிப் பார்க்க வேண்டிய இடங்கள்: வாஷிங் மெஷின் உள்ளே, பீரோவுக்குப் பின்னால், பரண் மேல். பரண்தான் கவலை. ஆம்பூர் லைன் வீடுகளில் பரணுக்கு மேலே நேராக ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கோடையில் பிறந்த குட்டிகளைத் தாய் அங்கேதான் கொண்டுபோய் வைக்கும், நாய்க்குப் பயந்து. குட்டிகள் கத்துவது நின்றுவிட்டதே என்று பார்க்கப் போனால் நேரம் கடந்திருக்கும். கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் பழைய புடவை போட்டு வைத்தால் தாயே இரவில் இடம் மாற்றிக்கொள்ளும். ஷீட்டுக்கு மேலே சுண்ணாம்பு அடித்தால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் நல்லது.

பூனை சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலுள்ள தண்ணீரைத் தொடத் தயங்கும். தனியாக, வாய் அகலமான கிண்ணத்தில், இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். மீன் வேகவைத்த தண்ணீர் உப்பில்லாமல் கொஞ்சம் கலக்கலாம். கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி உட்கார்ந்து சொட்டு சொட்டாகப் போனாலோ போகாமலே இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போயாக வேண்டும். தண்ணீர் குறைந்த கோடையில் இந்த அடைப்பு வரும், இரண்டு நாள் விட்டால் உயிர் போகும்.

வெள்ளைப் பூனையின் காது நுனியும், வெள்ளை ராஜபாளையம் நாயின் மூக்கும் வெயிலில் புண்ணாகும். வருடக்கணக்கில் பட்டால் புற்றாகவும் மாறும்.

*

எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் கடை வாசலில் வருடம் முழுக்கத் தண்ணீர்ச் சட்டி வைத்திருப்பார். ஹதீஸில் வருகிற கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். தாகத்தில் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வருகிற நாய். ஊரால் பாவி என்று ஒதுக்கப்பட்ட ஒரு பெண். வாளி இல்லை, கயிறு இல்லை. காலில் இருந்த தோல் காலணியைக் கழற்றித் தலைத்துணியில் கட்டிக் கிணற்றில் விட்டு மொண்டு கொடுத்தாள், அவள் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டது.

“ஷூவுல மொண்டாங்க தம்பி. நம்மூருல ஷூவுக்கா பஞ்சம்?” என்றார் பாய்.

நாயைத் தொட்டால் அசுத்தம் என்று நினைக்கிற வீட்டிலும் தண்ணீர் வைக்கத் தடை இல்லை என்பது அவர் வாதம். பூனைக்கு இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் எப்போதும் ஒரு தட்டு உண்டு, அதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

*

அப்பூதியடிகள் திங்களூரில் திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்பது பெரியபுராணக் கதை. இன்றும் கோடை வந்தால் ஒவ்வொரு கட்சியும் ஒரு நீர்மோர்ப் பந்தல் திறக்கிறது. அந்தப் பந்தல் மேசையின் காலடியில் ஒரு சட்டி வைக்கச் சொல்லி நாம் கேட்கலாம். கேட்டால் வைப்பார்கள்.

*

பிரியாணி. தெருநாய்க்கு இங்கே முக்கிய உணவே அதன் மிச்சம்தான். வெயில் காலத்தில் எச்சில் இலையை மூட்டை கட்டி மத்தியானம் வெளியே வைத்தால் இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். அதில் உள்ள உப்பு தாகத்தைக் கூட்டும். வெங்காயப் பச்சடி நாய் பூனை இரண்டின் ரத்தத்தையும் கெடுக்கும். வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். சாதத்தையும் கறியையும் பிரித்து, இரவு வெயில் தணிந்த பிறகு வையுங்கள். உப்புப் போடாத தயிர்ச் சாதம் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும்.

தோல் ஷாப் பக்கம், தோலிலிருந்து வழித்தெடுத்த சவ்வைத் தின்ன அலைகிற நாய்களைப் பற்றி முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: சுண்ணாம்பும் சல்பைடும் ஏறிய சவ்வை மூடி வையுங்கள்.

*

ஹஸ்கி வாங்க வேண்டாம். சைபீரியப் பனியில் ஓடப் பிறந்ததை வாணியம்பாடியில் ஏசி அறைக்குள் அடைப்பது வளர்ப்பு ஆகாது. தமிழ்நாடு அரசின் 2024 நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற குளிர்நாட்டு இனங்களை இங்கே பெருக்கக் கூடாது என்றது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கைவிடாதீர்கள், பகலில் வெளியே விடாதீர்கள். பக், ஷிட்சூ, பாரசீகப் பூனை போன்ற சப்பை மூக்குகளுக்கு மூச்சு வழியே குறுகல். மற்ற நாய் தாங்குகிற வெயிலை இவை தாங்காது.

பொமரேனியனுக்குக் கோடையில் மொட்டை அடிப்பது வேண்டாம். அந்த ரோமம் வெயிலையும் தடுக்கிறது. உதிர்கிற உள்ரோமத்தைச் சீவி எடுத்தால் போதும்.

*

நாய் இரைக்கிறது, உடம்பு சுடுகிறது, ஆனால் நாள் முழுக்க நிழலில்தான் இருந்தது என்றால் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் கோடையில் அதிகம். ஈறு வெளுத்திருந்தால் தாமதிக்க வேண்டாம்.

காய்ச்சலோ வெயிலோ, எதற்காகவும் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். பூனைக்கு ஒரு மாத்திரையே விஷம்.

*

வண்டியை எடுக்கும்முன், நிழலுக்கு ஒதுங்கியது ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து டயருக்கு அடியில் பாருங்கள். பானட்டைத் தட்டுங்கள். லாரி டிரைவர்கள் ஒரு ஹாரன் அடித்து, ஐந்து நொடி பொறுத்து நகர்த்தினால் எத்தனையோ குட்டிகள் பிழைக்கும்.

*

வெயிலில் விழுந்த நாய் குளிர்ந்து, எழுந்து, வாலையும் ஆட்டிவிட்டால் வீட்டுக்கே கூட்டிப் போய்விடுகிறோம். அப்படிச் செய்யக் கூடாது. சிறுநீரகமும் ஈரலும் பட்ட சேதம் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். ரத்தம் உறையும் தன்மையும் கெடலாம். சிறுநீர் காப்பி நிறத்தில் போவது, மலத்தில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், இவற்றைப் பார்க்க வேண்டும். எழுந்து நடந்தாலும் அரசு கால்நடை மருத்துவமனைக்கு அன்றைக்கே கொண்டுபோய், எத்தனை மணிக்கு விழுந்தது, எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றினோம், என்ன குடித்தது என்று சொல்ல வேண்டும். ஆடு மாடுகளுக்காக ஓடுகிற 1962 ஊர்தி எண்ணில் கேட்டால் பக்கத்தில் எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது என்றாவது விசாரிக்கலாம். வழியெல்லாம் தெளிக்க ஒரு பாட்டில் போர் தண்ணீர், குடிக்க ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவின் இரண்டு பக்கமும் படுதாவைச் சுருட்டிக் கட்டிவிடச் சொல்லுங்கள், காற்று வரட்டும்.